யாரும் எட்டிப் பார்க்காத அறை

எலியேசர் போதகர் ஒரு வீட்டைப் பிரதிஷ்டை செய்ய வந்தால் ஒரு மூலையையும் விட மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மற்ற போதகர்கள் ஹாலில் ஒரு ஜெபம், சமையலறையில் பால் பொங்கும்போது ஒரு ஜெபம் என்று முடித்துக்கொண்டு கறிச்சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் அறை அறையாகப் போவார். ஒவ்வொரு அறைக்கும் தனி வசனம், தனி ஜெபம். சுந்தரபாண்டியத்தில் ஒரு வீட்டில் மோட்டார் ரூமுக்குள்கூடக் குனிந்து போய் ஜெபம் பண்ணி, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். பசியோடு காத்திருக்கும் கூட்டம் முணுமுணுக்கும். அதையெல்லாம் அவர் காதில் வாங்குவதே இல்லை.

இது அக்சாவுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், ராஜபாளையத்தில் கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டைக்கு அவரையே அழைத்துவிட்டு, மாடியில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பிப்போகிற நாள் ஒன்று உண்டு போலிருக்கிறது.

பூட்டிய அறையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அட்டைப் பெட்டிகள். அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் போனில் பார்த்து ஆர்டர் போட்டு வாங்கியவை. எல்லாவற்றிலும் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை.

திருட்டுச் சாமான் இல்லை, கடன் பட்டும் வாங்கவில்லை. அவள் சம்பளத்தில் அவள் வாங்கியது. பிறகு எதற்கு ஒளித்தாள் என்று கேட்டால், அந்த அறை யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவள் புருஷன் ஆஸ்டின் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. பிள்ளை இல்லை. வீடு கட்ட ஆரம்பித்தபோது எஞ்சினியர் இரண்டு பேரிடமும் விருப்பத்தைக் கேட்டார். அக்சா ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஹாலில் ஊஞ்சல், சமையலறையில் இழுக்கிற டிராயர்கள், முகப்பில் கல் பதித்த டைல்ஸ் என்று அது பாட்டுக்குப் போனது. ஆஸ்டின் ஜம்முவிலிருந்து போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். மாடியில் சின்னதாக ஒரு ஜெப அறை. அலமாரி வேண்டாம், பரண் வேண்டாம், நாற்காலிகூட வேண்டாம். முட்டி போட இடம் இருந்தால் போதும் என்றான்.

அவன் இருந்த பாரக்கில், சிப்பாய்கள் தங்கும் அந்தக் கூடத்தில், இருபது கட்டில்கள். அவனுக்கென்று உள்ளது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன்மேல் உட்கார்ந்துதான் ஜெபம் பண்ணுவான். பக்கத்தில் ஒருவன் ஷேவ் பண்ணுவான், இன்னொருவன் பெண்டாட்டியோடு போனில் சண்டை போடுவான். கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் நாலு வார்த்தை பேச ஓர் இடம் வேண்டும் என்பது அவனுக்குப் பல வருஷத்து ஆசை.

அந்த அறையில்தான் அக்சா பெட்டிகளை அடுக்கினாள். அதே ஊரில் இருந்த வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் கிடந்தவற்றைப் போன வாரம் லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தாள். எங்கே வைப்பது என்று யோசித்தாள். புது வீடு பார்க்க வருகிற சனம் சமையலறை டிராயரை இழுத்துப் பார்க்கும், படுக்கையறை பீரோவைத் திறந்து பார்க்கும், குளியலறைக் குழாயைத் திருகிப் பார்க்கும். ஜெப அறையை மட்டும் யாரும் எட்டிப் பார்க்காது என்று முடிவு செய்தாள். சபையைப் பற்றி அவள் போட்ட கணக்கு சரிதான். போதகரை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

இந்தப் பழக்கம் எப்படித் தொற்றிக்கொண்டது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு கம்மென்று இருக்கும். டிவியைப் போட்டாலும் அதே கம்மென்ற வீடுதான். ஒரு நாள் வெங்காயம் நறுக்குகிற மெஷின் ஒன்றை ஆர்டர் போட்டாள். அது கிளம்பிவிட்டது, மதுரை வந்துவிட்டது, இன்றைக்கு வந்துவிடும் என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரோ தன்னைத் தேடி வந்துகொண்டிருப்பது போல மனசுக்கு இதமாக இருந்தது. மணி அடித்தது, ஓடிப்போய் வாங்கினாள். பிரித்தால் அது வெறும் வெங்காய மெஷின். சீ என்று ஆகிவிட்டது. அடுத்த தடவை பிரிக்காமலே வைத்துப் பார்த்தாள். பிரிக்காதவரை அந்த இதம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் பிரிக்கவில்லை.

பிரதிஷ்டை அன்று காலைதான் ஆஸ்டின் ரயிலை விட்டு இறங்கினான். லீவு அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது. ஒரு தோளில் கறுப்பு டிரங்கு, மறுகையில் சுருட்டிய கம்பளிப் பாய். வீட்டுக்கென்று அவன் வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான். ஜெப அறையில் விரிக்க என்றான். அவன் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அக்சா இடுப்பிலிருந்த சாவியை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டாள். முதலில் குளியுங்கள், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று அவனைக் கீழேயே பிடித்து வைத்தாள்.

பத்தரை மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுந்தரபாண்டியத்திலிருந்து மாமியார் செல்லத்தாய் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு வந்து இறங்கினாள். சபையார் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாரிச்செல்வி பால் காய்ச்சுவதற்கு அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் சுவர்க் கடிகாரம். புது வீட்டுக்குக் கடிகாரம் கொடுப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

போதகர் ரிப்பனை வெட்டினார். ஹால், சமையலறை, கீழ்ப் படுக்கையறை, குளியலறை வாசல், மாடிப்படி என்று ஒவ்வோர் இடமாக நின்று ஜெபித்தார். ஒவ்வொரு ஆமென்னுக்கும் அக்சாவின் நெஞ்சு ஒரு படி இறங்கியது. கடைசியில் மாடி. மேல் படுக்கையறையும் முடிந்தது. கூட்டம் அந்தச் சின்னக் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்டின் முன்னால் வந்தான்.

கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று அவன் கேட்டான். பூட்டு மாட்டிய ஆசாரி மறதியாகக் கொண்டுபோய்விட்டார் என்று அக்சா சொன்னாள். போதகரின் வழக்கம் ஞாபகத்துக்கு வந்த பிறகு, இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பொய்தான். தங்குதடையில்லாமல் வந்தது.

ஆசாரிக்குப் போன் போடச் சொன்னார் ஒருவர். பூட்டை உடைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். புது வீட்டில் முதல் நாளே பூட்டை உடைப்பதாவது என்று செல்லத்தாய் அதட்டினாள். ஆஸ்டினின் முகம் வாடிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், பொறவு பார்த்துக்கலாம் ஐயா என்றான். போதகர் கொஞ்சம் யோசித்தார்.

"சாவி இல்லாட்டி என்ன. கதவுமேல கை வச்சு வெளியவே ஜெபம் பண்ணிருவோம். எல்லாரும் கண்ண மூடுங்க" என்றார்.

தப்பித்தாகிவிட்டது. ஒரு நிமிஷ ஜெபம், ஓர் ஆமென், அப்புறம் பந்தி. பெட்டிகளை நாளைக்கு எங்கேயாவது மாற்றிக்கொள்ளலாம். அக்சா கண்களை மூடினாள்.

போதகர் கதவில் கையை வைத்து ஆரம்பித்தார். வழக்கமாகக் கணீரென்று ஜெபிக்கிறவர் அன்று ஏனோ பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல் பேசினார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ள உம்மகிட்ட வேற ஒண்ணும் கேக்கல. இந்த வெறும் எடத்தத்தான் கேட்டான். இத எங்க அக்சா அவனுக்காகக் காத்து வச்சிருக்கிறதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்..."

அக்சா கண்ணைத் திறந்தாள். எல்லோர் கண்களும் மூடியிருந்தன. ஆஸ்டின் பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். ஊரெல்லாம் கேட்டால்கூடச் சமாளித்துவிடலாம். தன் பொய்க்காகப் போதகர் ஆண்டவருக்கு நன்றி சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். போதகரின் கைக்குக் கீழே பூட்டில் நுழைத்துத் திருகினாள்.

சத்தம் கேட்டு ஜெபம் நின்றது. கதவு ஒரு சாண் உள்ளே போய் எதிலோ முட்டியது. மேலே அடுக்கியிருந்த ஒரு பெட்டி சரிந்து, இடுக்கு வழியாக வந்து போதகரின் செருப்பில்லாத காலில் விழுந்தது. இன்னொன்று அதன் பின்னாலேயே வந்தது.

பெண் வீட்டுச் சீரா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சீர் இல்லை, எல்லாம் நான் வாங்கியது, சாவியும் என்னிடம்தான் இருந்தது என்று அக்சா சொன்னாள். ஒன்றையும் பிரிக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே பாதி மறந்துவிட்டது என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, மூச்சுதான் வந்தது. ரொம்ப நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூக்கு திறந்துகொண்டது போல் இருந்தது.

ஆஸ்டின் கீழே விழுந்த பெட்டியை எடுத்தான். ஒட்டியிருந்த சீட்டில் தேதியைப் பார்த்தான். இன்னொரு பெட்டியைப் பார்த்தான். திரும்ப முதல் பெட்டிக்கே வந்தான்.

"போன கிறிஸ்மஸுக்கு லீவு கேன்சல்னு நான் போன் பண்ணினனே. அன்னைக்குப் போட்டதா இது?"

அவள் தலையசைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அக்சா."

"என்னன்னு சொல்ல? பொருளு வேணும்னா கேட்டிருப்பேன். எனக்கு எந்தப் பொருளும் வேணாமே."

அவன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டான். பத்து வருஷத்தில் அத்தனை பேர் முன்னால் அவன் அப்படி நின்றதில்லை.

இதற்குள் கூட்டத்தில் ஒரு பெரியவருக்குப் பிரசங்கம் ஊறிவிட்டது. இந்தக் காலத்தில் போனைத் தடவினால் உலகமே வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது, பொருளாசை என்பது சாதாரணப்பட்டதில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். போதகர் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, பிரசங்கத்த ஞாயித்துக்கெழம நான் பண்ணிக்கிடுதேன். அந்தப் பிள்ள இப்பத்தான் சுமைய எறக்கியிருக்கு, இன்னொன்ன ஏத்தாதீங்க. நீங்க இந்தப் பெட்டியப் பிடிங்க" என்று ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தார். பெட்டிகளோடு அறைக்குள் ஜெபம் பண்ண முடியாது, பந்தி செத்த நேரம் பொறுக்கட்டும் என்று அறிவித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

சபைக் கட்டடத்துக்குச் செங்கல் கைமாற்றியது போல மாடிப்படி நெடுக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பெட்டி கை மாறிக் கை மாறிக் கீழே போனது. செல்லத்தாய் ஹாலில் நின்று வாங்கி அடுக்கினாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏட்டி அக்சா, அம்புட்டும் வாங்கத் தெரிஞ்சவளுக்கு, அத்த வந்து நாலு நாளு இருந்துட்டுப் போங்கன்னு கூப்பிடத் தெரியலையே. நாப்பது நிமிசத்துல வந்திருப்பேனே" என்று மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள். அக்சாவுக்கு அதுதான் அன்றைக்குக் கேட்ட வார்த்தைகளிலேயே இனிப்பாக இருந்தது.

அறை காலியானதும் பார்த்தால் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஜன்னலில் சஞ்சீவி மலை தெரிந்தது. ஆஸ்டின் பாயை விரித்தான். போதகர் முட்டி போட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல் முதலிலிருந்து ஜெபித்தார். சுருக்கமாக முடித்துக்கொண்டார். பசி அவருக்கும்தான் இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சபையாருக்கு மரியாதை; சொல்லிவிட்டால் உண்மை. வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அக்சா சொன்னதுதான் தாமதம், ஹால் முழுக்க டேப் கிழிகிற சத்தம். வெங்காய மெஷின் மட்டும் நாலு. முட்டை அவிக்கிற பாத்திரம், வெளிச்சம் போடுகிற செடித் தொட்டி, மடக்கு ஏணி. பொருளாசையைப் பற்றிச் செருமிய பெரியவர் மடக்கு ஏணியை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிறகு அதன் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஒரே துணிக்கொடி ஸ்டாண்டை இரண்டு அக்காமார் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர இருவரும் கையை எடுக்கவில்லை. மாரிச்செல்விதான் நடுவில் புகுந்து, வாரம் ஒருத்தர் வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்த்துவைத்தாள்.

ஒரு பெட்டியில் கால் பிடித்துவிடுகிற மெஷின் இருந்தது. போதகருக்கு முட்டி வலி உண்டு. காலை உள்ளே விட்டுப் பார்த்தார். கண் தானாகச் சொருகியது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று அக்சா மனசாரச் சொன்னாள். அவர் அவசரமாகக் காலை வெளியே எடுத்தார்.

"வேண்டாம்மா. ரெண்டு நிமிசத்துலயே இது இல்லாம எப்படி இருந்தோம்னு தோணிருச்சு. செல்லத்தாயம்மாவுக்குக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு நொண்டியபடியே பால்கோவா வைத்திருந்த பக்கம் போனார். அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

நாலு மணிக்கு வீடு காலியாயிற்று. கடிகாரத்தோடு வந்தவர்கள் பெட்டியோடு போனார்கள். ஆஸ்டின் மாடிக் கதவிலிருந்து பூட்டையே கழற்றிக்கொண்டிருந்தான். அப்போது வாசல் மணி அடித்தது.

அக்சாவுக்கு அந்த மணி தெரியும். இரண்டு விநாடி இடைவெளி விட்டு இரண்டு தடவை அடிப்பது ஒரே ஆள்தான். போன வாரம் புது விலாசத்துக்கு ஆர்டர் போட்டது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேலே ஸ்க்ரூ திருகுகிற சத்தம் நின்றது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் அவன் இறங்கி வரவில்லை. அவள்தான் போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில், பார்சல் கொண்டுவருகிற பாண்டிதுரை நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மில் மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர். முதுகில் பெரிய பை, கையில் ஒரு பெட்டி. வீடு மாறினாலும் உங்களை விடமாட்டேன் மேடம் என்று சிரித்தார்.

"இது வேண்டாம்ணே. திருப்பி அனுப்பிரலாமா?"

"பணம் கட்டாததுதான். அனுப்பிரலாம். உள்ள என்னன்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்களேன்."

"பாக்க வேண்டாம்."

அவர் போனில் என்னவோ தட்டினார். முடிந்துவிட்டது என்றார். முடிந்துவிட்டது என்று கேட்டதும் அவளுக்கு உடம்பே லேசானது. அவர் படியிறங்கப் போனார். அக்சா அவரைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மாதத்துக்கு மூன்று தடவை அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது இந்த மனிதருக்குத்தான். ஒரு நாளும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கையைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டதில்லை.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

அவர் திகைத்து நின்றார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார். இன்னும் பதினெட்டுப் பெட்டி கொடுக்க வேண்டும், நேரமாகிவிடும் என்று தயங்கினார்.

"செத்த நேரம் உக்காருங்க. கறிச்சோறு இருக்கு. எங்க வீட்டு விசேசம் இன்னைக்கு."

பையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். அக்சா இலை போட்டாள். இரண்டாவது தடவை சோறு வைத்தபோது அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆஸ்டினும் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தான். இருவரும் ரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவி, திருப்ப வேண்டிய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, வாரேன்மா என்று சொல்லிப் போனார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேடம் என்று சொல்லவில்லை.

அவர் வண்டிச் சத்தம் மறைந்த பிறகு அக்சா மாடிக்குப் போனாள். பூட்டில்லாத கதவு தள்ளியதும் திறந்தது. கம்பளிப் பாயில் முட்டி போட்டாள். ஆண்டவரிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்தாள். நெடுநேரம் யோசித்தும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. கீழே ஆஸ்டின் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஆமென் மட்டும் சொன்னாள்.